தஞ்சோங் ரம்புத்தான் என்ற சொல் மருத்துவமனைக்குள்ளும் ஒலிக்கிறதா?

ஜார்ஜ்டவுன்: வீட்டில் பிள்ளை கொஞ்சம் துடுக்காகப் பேசினால், "உன்னைக் கொண்டுபோய் தஞ்சோங் ரம்புத்தான்ல விட்டாத்தான் சரிப்படும்" என்று பெரியவர்கள் சொல்வது நம் தோட்டங்களிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் இன்றும் கேட்கும் பேச்சு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிரிப்போடு போய்விடும். சென்னையில் இதே இடத்தில் 'கீழ்ப்பாக்கம்' என்பார்கள். இலங்கைத் தமிழர் 'அங்கொடை' என்பார்கள். மூன்றும் ஊர்ப்பெயர்கள்தாம். மனநல மருத்துவமனை இருந்த ஒரே காரணத்தால் மூன்று நாட்டுத் தமிழிலும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது.

பேராக், தஞ்சோங் ரம்புத்தானில் அந்த மருத்துவமனை 1911-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஜொகூர் தம்போயில் இருப்பது பெர்மாய், கூச்சிங்கில் செந்தோசா, கோத்தா கினபாலுவில் மெஸ்ரா. நான்கு பெரிய மனநல மருத்துவமனைகளுக்கும் கேட்கவே இனிமையான பெயர்கள். ஆனாலும் நாவில் நிற்பது பழைய ஊர்ப்பெயர்தான்.

மக்கள் இப்படிப் பேசுவதை மாற்ற வேண்டும் என்று சமூகக் கருத்தரங்குகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. மேடையில் இருப்பவர் மருத்துவர் அல்லது மனநல ஆலோசகர். கீழே உட்கார்ந்து குட்டு வாங்குபவர்கள் பொதுமக்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. சிகிச்சை தருபவரிடம் அதே இழிவுப் பார்வை இருக்கிறதா?

2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. மலேசியாவில் மனநலத் துறையில் பணிபுரியும் 15 பேரிடம் நேரில் பேசி, மனநோயாளிகளை இழிவாக நடத்துபவர்கள் யார் என்று கேட்டார்கள். முதன்மையாகச் சுட்டப்பட்டவர்கள் குடும்பத்தினர், நண்பர்கள், வேலையிடத்தில் உள்ளவர்கள். பதில் பொய்யில்லை. நம் குடும்பங்களில் நடப்பது நமக்குத் தெரியும். என்றாலும், விரல் பெரும்பாலும் கிளினிக் கதவுக்கு வெளியே நீண்டது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சட்டம் மாறியது

நாட்டில் இந்த விவாதத்திற்கு இப்போது ஓர் அவசரம் வந்திருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி வைத்திருந்தது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே 309 என்ற எண் இருந்தது தற்செயல் அல்ல. 1860-இல் பிரிட்டிஷார் இந்தியாவுக்காக எழுதிய சட்டம்தான் 19-ஆம் நூற்றாண்டிலேயே பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்கும் அச்சாக வந்தது. நம் முன்னோர் கப்பலில் வந்த அதே காலத்தில் அந்தப் பிரிவும் வந்து இறங்கியது என்று சொல்லலாம்.

இலங்கை 1998-லேயே அதைக் கைவிட்டது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் அது குற்றமில்லை. மலேசிய மக்களவை 2023 மே மாதம் 309-ஐ நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. கூடவே 2001 மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. நெருக்கடியில் உள்ளவரைக் காப்பாற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு, காவல்துறையோடு தீயணைப்புத் துறை, பொதுத் தற்காப்புப் படை, சமூகநல அதிகாரிகள் ஆகியோருக்கும் விரிவாக்கப்பட்டது.

இந்தியச் சமூகத்திற்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009-ஆம் ஆண்டு அறிக்கை, மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் நாட்டின் மற்ற பெரிய இனங்களைவிட இந்தியர்களிடையே தற்கொலை அதிகம் என்று காட்டியது. தோட்டக் காலத்தில் களைக்கொல்லி மருந்து வீட்டுக்கருகே கிடந்த நாள்களை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சட்டம் மாறியதால், அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுபவர் இனி குற்றவாளி இல்லை, நோயாளி. ஏட்டில் அப்படித்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவர் படுத்திருக்கும் கட்டிலருகே நிற்கும் மருத்துவரின் முகத்தில், தாதியின் குரலில், "மற்றவர்கள் உண்மையிலேயே நோயில் கிடக்கும்போது இவர் தானாகத் தேடிக்கொண்டது" என்ற எண்ணம் இருக்குமானால், அதை நீக்க நாடாளுமன்றத்தால் முடியாது.

ஒரே கதை, வேறு முத்திரை

மருத்துவர்களுக்கும் இந்தப் பார்வை உண்டு என்பதை மருத்துவ உலகமே ஆராய்ந்திருக்கிறது. 1988-இல் பிரிட்டனில் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இருவர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு நோயாளியின் கதையை எழுதி மனநல மருத்துவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கதை ஒன்றுதான். சிலருக்குக் கொடுத்த தாளில் மட்டும், இவருக்கு முன்பு 'ஆளுமைக் கோளாறு' என்று கண்டறியப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு இருந்தது. அந்தக் குறிப்பைப் படித்தவர்கள் நோயாளியைத் தொல்லை தருபவர், நடிப்பவர், மற்றவர்களைவிடக் கவனிப்புக்குத் தகுதி குறைந்தவர் என்று மதிப்பிட்டார்கள். 'மனநல மருத்துவர்களுக்குப் பிடிக்காத நோயாளிகள்' என்ற பொருளில் அமைந்தது அந்தக் கட்டுரையின் தலைப்பு.

2006-இல் சுவிட்சர்லாந்தில் வந்த ஆய்வு இன்னும் பெரிது. மனநலத் துறையினர் 1,073 பேரையும் பொதுமக்கள் 1,737 பேரையும் கேட்டு ஒப்பிட்டார்கள். மனநோயாளிகளின் உரிமைகளைப் பறிப்பதை ஏற்கும் போக்கு துறையினரிடம் பொதுமக்களைவிடக் குறைவாகவே இருந்தது. அது நல்ல செய்தி. ஆனால் மனச்சிதைவு நோயுள்ளவரோடு நெருங்கிப் பழக விரும்பாத மனநிலையில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. நோயாளிகளைப் பற்றிய எதிர்மறைக் கருத்துகள் பொதுமக்களைவிட மனநல மருத்துவர்களிடம் கூடுதலாகவே இருந்தன.

படிப்பும் பயிற்சியும் இருந்தும் இப்படியா என்று கேட்கத் தோன்றும். நோயைப் பற்றிய அறிவு வேறு, நோயாளியைப் பற்றிய மதிப்பு வேறு. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது 'இளிவரல்' என்ற ஒன்றை வைக்கிறது. இழிவுணர்ச்சி, தாழ்வுணர்ச்சி என்று பொருள் கொள்ளலாம். அது பிறக்கும் இடங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு. பிணி கண்ட இடத்தில் இளிவரலும் எழும் என்பதை நம் இலக்கணம் எப்போதோ குறித்து வைத்திருக்கிறது. வெள்ளைக் கோட்டு அணிந்தால் அது தானாக மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை.

கிளினிக்கில் அது எப்படித் தெரியும்?

மருத்துவமனையில் யாரும் நோயாளியைப் பார்த்துப் பைத்தியம் என்று சொல்வதில்லை. அங்கே இழிவுப் பார்வைக்கு வேறு உருவம்.

செபராங் பிறையிலிருந்து பேருந்தும் ஃபெர்ரியும் பிடித்து, ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனைக்கோ அதுபோன்ற வேறோர் அரசாங்க மருத்துவமனைக்கோ மகனை அழைத்து வரும் ஒரு தாயை நினைத்துப் பார்க்கலாம். மகனுக்கு வயது 30 இருக்கும். பத்தாண்டுகளாக மாத்திரை. நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் பேச்செல்லாம் தாயிடம். "தூங்குறானா? சாப்பிடுறானா? கத்துறானா? மருந்து ஒழுங்கா சாப்பிடுறானா?" மகன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் ஒரு கேள்வியும் இல்லை. பேச்சு பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில். "நெஞ்சு அடைக்குது, மனசு ஒரு நிலையில இல்ல" என்று அந்தத் தாய் தமிழில் சொல்ல வந்தது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த தேதி எழுதித் தரப்படுகிறது.

இதில் யாரும் யாரையும் திட்டவில்லை. மருத்துவர் கெட்டவரும் இல்லை. அவர் வாசலில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். 2018 கணக்கின்படி நாடு முழுவதும் பதிவு பெற்ற மனநல மருத்துவர்கள் 410 பேர். ஒரு லட்சம் மக்களுக்கு 1.27 பேர். 2023 தேசியச் சுகாதார ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பது தெரியவந்தது. 2019-இல் அது 2.3 விழுக்காடு. நான்கே ஆண்டில் இரட்டிப்பு. இந்தக் கூட்டத்தில் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் மருத்துவர் மீது கோபம் கொஞ்சம் தணியும்.

ஆனால் நேரமின்மை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. நீரிழிவுக்காரரின் மனைவியிடம் மட்டும் பேசிவிட்டு நீரிழிவுக்காரரை அப்படியே அனுப்பும் மருத்துவர் அரிது. நேரம் குறையும்போது யாருடைய பேச்சு முதலில் வெட்டப்படுகிறது என்பதில்தான் மதிப்பு தெரிகிறது.

உயிரையே தொடும் வடிவம் ஒன்றும் இருக்கிறது. வார்டுகளில் 'சைக் கேஸ்' என்று சுருக்கிச் சொல்வதுண்டு. அந்தச் சொல் கோப்பில் ஒட்டிக்கொண்டால், நோயாளி வயிற்று வலி என்றாலும் நெஞ்சு வலி என்றாலும் "எல்லாம் மனசுதான்" என்று ஒதுக்கப்படும் ஆபத்து உண்டு. மனநோய் என்ற முத்திரை உடல்நோயை மறைத்துவிடுகிறது. மருத்துவ ஆய்வுகளில் நன்கு பதிவான சிக்கல் இது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவர்களில் பலர் இறப்பது இதய நோய், நீரிழிவு, தொற்று போன்ற, தடுக்கக்கூடிய உடல்நோய்களால்.

நம் சமூகம் இங்கே கூடுதலாக விழித்திருக்க வேண்டியிருக்கிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நீரிழிவு 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே மட்டும் 31.4 விழுக்காடு. மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. ஏற்கெனவே நீரிழிவு மரபில் பிறந்த ஓர் இந்திய இளைஞர் அந்த மருந்தை ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் முறையாகப் பார்க்கப்பட வேண்டும். "இவன் கத்தாமல் இருந்தால் போதும்" என்ற அளவில் மருத்துவரும் குடும்பமும் திருப்தியடைந்துவிட்டால், அந்த இளைஞர் நாற்பது வயதில் எதனால் விழப்போகிறார் என்பது யார் கண்ணிலும் படாது.

பெயரைச் சொல்லாத மருத்துவம்

நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லாமல் விடுவதும் இழிவுப் பார்வையின் இன்னொரு பக்கம்தான். "நரம்புத் தளர்ச்சி", "டென்ஷன்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம்மவர்களுக்குப் பழக்கமான அனுபவம். நோயாளி மனம் உடையக்கூடாது என்பது சொல்லப்படும் காரணம். அந்தப் பெயர் அவ்வளவு கேவலமானது என்று மருத்துவரே நம்புகிறார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

ஜப்பானில் இது அளந்து காட்டப்பட்டது. அங்கே மனச்சிதைவு நோய்க்கு இருந்த பழைய பெயருக்கு 'மனம் பிளந்த நோய்' என்று பொருள். நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் 2002-இல் மனநல மருத்துவர் சங்கம் அதை 'ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்ற பொருள்படும் பெயராக மாற்றியது. மியாகி மாநிலத்தில் கணக்கெடுத்தபோது, பெயர் மாறிய ஆண்டில் 36.7 விழுக்காடு நோயாளிகளுக்கே தங்கள் நோயின் பெயர் சொல்லப்பட்டிருந்தது. 2004-இல் அது 69.7 விழுக்காடு. நோயாளிகள் அதே நோயாளிகள்தாம். மருத்துவர்களின் நாக்குக்குத் தைரியம் வந்தது.

தமிழில் நாம் வழங்கும் 'மனச்சிதைவு' என்ற சொல்லையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். சிதைந்தது என்றால் இனி ஒட்டாது என்றுதான் தமிழ்க் காதுக்குக் கேட்கும். கட்டடம் சிதையும், உடல் சிதையும். முறையாகச் சிகிச்சை பெற்று வேலைக்குப் போகும் ஒருவரிடம் "உங்கள் மனம் சிதைந்திருக்கிறது" என்று எந்த மருத்துவர்தான் முகம் பார்த்துச் சொல்வார்? வேறு நல்ல சொல் பரவும் வரை இந்தக் கட்டுரையும் அதையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

நலமடைந்தவர் திரும்பி வருவதில்லை

நோயாளிகளோடு நாள்தோறும் பழகுபவர்களுக்கே ஏன் நம்பிக்கை குறைகிறது? 1984-இல் பட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு 'மருத்துவரின் மாயை' என்று பெயர் வைத்தார்கள். கிளினிக்குக்குத் திரும்பத் திரும்ப வருபவர் யார்? நோய் விடாதவர். குணமடைந்தவர் வேலைக்குப் போகிறார், திருமணம் செய்துகொள்கிறார், எப்போதாவது ஒரு முறை வருகிறார், பிறகு வராமலே போகிறார். ஆக, இருபது ஆண்டு பணிபுரிந்த மருத்துவரின் நினைவில் நிறைந்திருப்பது கடுமையான நோயாளிகளின் முகங்களே. வார்டில் வேலை செய்யும் தாதிக்கு இது இன்னும் மோசம். அவர் நோயாளிகளைப் பார்ப்பதே அவர்களுடைய மிக மோசமான நாள்களில்.

சென்னை ஆய்வு ஒன்று இதை உடைத்துக் காட்டுகிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் எம். சாரதா மேனன் 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாராவும் அவர் குழுவினரும், 1980-களின் தொடக்கத்தில் முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 20 ஆண்டு முடிவில் 61 பேரைக் கண்டு விவரம் சேர்க்க முடிந்தது. அந்த 61 பேரில் இடைவிடாமல் நோயோடே இருந்தவர்கள் 5 பேர். பெரும்பாலோருக்கு நோய் வந்து வந்து தணிந்தது. தற்கொலை உட்பட இறப்புகளும் அந்தத் தொண்ணூறு பேரில் இருந்தன. எனவே இதை இனிப்புச் செய்தியாக்க வேண்டியதில்லை. ஆனால் "இது போனால் போனதுதான்" என்று தமிழ்க் குடும்பமும் சில நேரங்களில் மருத்துவரும் சொல்வதற்கு, தமிழ் நோயாளிகளிடமிருந்தே கிடைத்த மறுப்பு அது.

எதிர்பார்ப்பு குறைந்தால் என்ன நடக்கும் என்பது வேலை விஷயத்தில் தெளிவாகத் தெரியும். சுகாதார அமைச்சின் 'மெந்தாரி' சமூக மனநல மையங்களில், நோயாளிக்கு வேலை தேடித்தந்து வேலையிடத்திலும் கூட நின்று பழக்கும் சேவை உண்டு. நீண்டகால மனநோய் உள்ளவர்கள் சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்து ஓகேயு அட்டை பெறவும் வழி உண்டு. 'மனநலம்' அங்கே தனிப் பிரிவு. இந்த இரண்டுக்கும் மருத்துவரின் கை வேண்டும். "இவனெல்லாம் எங்கே வேலை பார்க்கப் போகிறான்" என்று அவர் மனத்தில் தோன்றிவிட்டால், தாய்க்கு அப்படி ஒரு சேவை இருப்பதே தெரியாமல் போகும்.

மருத்துவரே நோயாளி ஆனால்

பினாங்கு இந்தப் பேச்சில் ஒரு கசப்பான காரணத்திற்காகவும் இடம்பெறுகிறது. 2022 ஏப்ரலில் இங்கே ஒரு பயிற்சி மருத்துவர் இறந்தது நாட்டையே உலுக்கியது. அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், மருத்துவப் பணியிடப் பண்பாட்டை ஆராயப் பேராசிரியர் டத்தோ டாக்டர் சித்தி ஹமிசா தப்சீர் தலைமையில் சிறப்புப் பணிக்குழு அமைத்தார். பகடிவதை, வேலைநேரம், மேலதிகாரிகளின் ஏச்சு எல்லாம் பேசப்பட்டன. அந்தத் தனி மரணத்தின் காரணத்தை இங்கே ஊகிப்பது முறையாகாது. ஆனால் அதையொட்டி நாடெங்கும் எழுந்த பேச்சில், இளம் மருத்துவர்கள் உளைச்சலில் இருந்தாலும் உதவி கேட்கத் தயங்குகிறார்கள் என்பது திரும்பத் திரும்ப வந்தது.

ஏன் தயங்குகிறார்கள்? ஒரே கட்டடத்தில், இரண்டு மாடி தள்ளி மனநல கிளினிக் இருக்கும். அங்கே போய் எண் எடுத்து உட்கார்ந்தால் பார்ப்பவர் யார்? கூட வேலை செய்பவர். கோப்பைத் திறப்பவர் யார்? தெரிந்த தாதி. நாளை தன்னைப் பற்றியும் 'சைக் கேஸ்' என்று யாராவது சொல்வார்களோ என்ற பயம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவருக்குத்தானே முதலில் வரும்? பணித்தகுதி குறித்துக் கேள்வி எழுமோ, ஒப்பந்தம் நிரந்தரமாகாமல் போகுமோ, நிபுணத்துவப் படிப்பு கிடைக்காமல் போகுமோ என்ற கவலை வேறு. நோயாளிகளைப் பற்றி ஒரு வார்டில் நிலவும் பேச்சு, அங்கேயே நோயுறும் ஊழியரின் வாயையும் அடைத்துவிடுகிறது.

பெரிய பெயர்களுக்கே இந்தப் பயம் இருந்தது. தற்கொலை எண்ணம் மிகுந்தவர்களுக்கு இன்று உலகமெங்கும் பயன்படும் டிபிடி என்ற சிகிச்சை முறையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். பதின்ம வயதில் தாமே கடுமையான மனநோயால் மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர் என்பதை, 2011-இல் தமது 68-ஆம் வயதில்தான் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லத் தேர்ந்தெடுத்த இடம், தாம் நோயாளியாகக் கிடந்த அதே மருத்துவமனை. இருமுனைக் கோளாறு பற்றி எழுதிய கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் 1995-இல் தமது நோயைத் தாமே நூலாக எழுதினார். அவரும் அத்துறைப் பேராசிரியர்தான். இருவரும் புகழும் பதவியும் உறுதியான பிறகே பேச முடிந்தது என்பதை மறக்கக்கூடாது.

எது வேலை செய்கிறது

மருத்துவர்களுக்கு இன்னொரு கருத்தரங்கு நடத்துவதால் இது போய்விடாது. 2022 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் உலகெங்கும் நடந்த முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, இழிவுப் பார்வையைக் குறைப்பதில் மிக உறுதியான பலன் தருவது நேரடித் தொடர்பு என்றது. நோயாளியாக எதிரே உட்கார்ந்திருப்பவரோடு கொள்ளும் தொடர்பு அல்ல அது. மனநோயை அனுபவித்து மீண்ட ஒருவர் ஆசிரியராக, சக ஊழியராக, சமமானவராக எதிரே நிற்பது. மருத்துவரின் மாயைக்கு அதுவே மாற்று மருந்தும்கூட. வார்டில் காணக் கிடைக்காத குணமடைந்தவரை அது கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

மலேசியாவில் 'மியாசா' போன்ற அமைப்புகள், நோயை அனுபவித்தவர்களே மற்றவர்களுக்குத் துணை நிற்கும் முறையை நடத்திவருகின்றன. அதன் நிறுவனர் அனிதா அபு பாக்கார் தமது நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசுபவர். இப்படிப்பட்டவர்களை அரசாங்க மருத்துவமனைகள் சம்பளத்தோடு குழுவில் சேர்க்க வேண்டும். தாதியர் கல்லூரியில், மருத்துவக் கல்லூரியில் அவர்கள் பாடம் நடத்த வேண்டும். அவர்களில் தமிழ் பேசுபவர்களும் இருக்க வேண்டும். 'மனசு சரியில்ல' என்பதற்கும் 'மனசு விட்டுப்போச்சு' என்பதற்கும் உள்ள வேறுபாடு எந்த மொழிபெயர்ப்புக் கருவிக்கும் பிடிபடாது. முதலாவது இன்று மாலைக்குள் தணியலாம். இரண்டாவதைச் சொன்னவரைத் தனியே வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

அதுவரை குடும்பங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஃபெர்ரி பிடித்து வரும் அந்தத் தாய் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். டாக்டர், இவனுக்கு வந்திருக்கும் நோயின் பெயர் என்ன? இந்த மருந்துக்கு இவனுடைய இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன? வேலைக்குப் பழக்கும் மெந்தாரி சேவைக்கு இவனை அனுப்ப முடியுமா? எந்த மருத்துவரும் பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்விகள் இவை. பெரும்பாலான மருத்துவர்கள் கோபப்பட மாட்டார்கள். சிலர் அப்போதுதான் நிமிர்ந்து மகனின் முகத்தைப் பார்ப்பார்கள்.

நான்காவது ஒன்று தாய்க்கானது. பதில் சொல்ல வேண்டிய இடம் வரும்போது கொஞ்சம் வாய்மூடி, மகனைப் பேச விட வேண்டும். அதைச் செய்வது மருத்துவரைவிடத் தாய்க்குத்தான் கடினம்.

(மன உளைச்சலில் இருப்பவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் 999.)